ஏழாவது வரி

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் முப்பது வருடம் கணக்கு டீச்சர். கதை கட்டத் தெரியாது.

"என் வேலையைப் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?" என்று கோபித்துக்கொண்டு போன என் மகன், இரண்டு வருடமாகப் பேசவில்லை. கம்ப்யூட்டருக்குள் ஓடும் எல்லா வேலைகளையும் கட்டி மேய்க்கிற கர்னல் என்ற புரோகிராம்தான் அவன் தொழில். ஓய்வு பெற்ற கையோடு நானும் அதைப் படிக்க உட்கார்ந்தேன். புரிந்ததும் அவனுக்குப் போன் செய்வது என்று வைராக்கியம். வீட்டில் சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட நாதியில்லை. கர்னலாவது கேட்டதற்குப் பதில் சொன்னது.

அன்றைய பாடம் விசித்திரமானது. ஒரு வேலை இன்னொன்றைத் தொடங்கினால், தொடங்கியது பெற்றோர், தொடங்கப்பட்டது பிள்ளை. பிள்ளை செத்தாலும் கம்ப்யூட்டரின் வேலைப் பட்டியலை விட்டுப் போகாது. 'எப்படி முடிந்தாய்?' என்று பெற்றோர் கேட்கும்வரை காத்துக் கிடக்கும். என்னைப் போன்ற கற்றுக்குட்டிகள் அந்தக் கேள்வியைத்தான் எழுத மறப்போம்.

பிற்பகல் 3:40. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். வேலைக்கு ஒரு வரியாக ஆறு வரிகள் இருக்க வேண்டும். ஏழு இருந்தன.

ஏழாவது, ஒரு பிள்ளை. முடிந்துவிட்டது. காத்திருக்கிறது.

நான் எந்தப் பிள்ளையையும் தொடங்கவே இல்லை. கை தவறியிருக்கும் என்று நிறுத்தச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். அசையவில்லை. செத்ததை எப்படிச் சாகடிப்பது?

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். டிக்... மறுபடி ஏழு. தொடங்கிய நேரம் அதே 3:40.

விர்ர்ர்... உள்ளே விசிறி மட்டும் வேகமாகச் சுற்றியது. அப்படிச் சுற்றவைக்கும் வேலை எதுவுமே ஓடவில்லை.

ஏனோ அழுகை வந்தது.

4:05. 'எப்படி முடிந்தாய்?' என்ற அந்தக் கேள்வியைத் தட்டினேன்.

பதில் வந்தது. 0.

பிழையில்லாமல் முடிந்தது என்று அர்த்தம்.

வரி மறைந்தது. விசிறி நின்றது.

5:20க்குப் போன்.

"உங்க பையன் போன்ல 'அம்மா'ன்னு இந்த நம்பர் இருந்துச்சு... ரோட்டுல அடிபட்டுட்டாரும்மா. உடனே வாங்க."

ஆஸ்பத்திரியில் நான் போவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. உயிர் போன நேரம் 3:40 என்று காகிதத்தில் எழுதியிருந்தார்கள். கையெழுத்துப் போட்டேன். என்னோடு இருந்த நர்ஸ் ஏதோ சொல்லத் தயங்கினாள்.

"சொல்லும்மா."

"கண்ணு மட்டும் மூடவே இல்லம்மா. நானே மூணு தடவை மூடிவிட்டேன்... திறந்துக்கிச்சு. வாசலையே பாத்துக்கிட்டு இருந்த மாதிரி..."

"அப்புறம்?"

"தானா மூடிக்கிச்சு. பயந்துபோய் மணியைப் பாத்தேன். சரியா நாலு அஞ்சு."