மேலே தள்ளினால் இரண்டாம் கியர்

அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவருடைய முகத்தைவிட உள்ளங்கால்தான் நல்ல பழக்கம். கார் எலக்ட்ரீஷியனுக்கு வேலை பெரும்பாலும் டேஷ்போர்டுக்கு அடியில்தானே! முன்சீட்டில் மல்லாந்து, இரண்டு கால்களையும் சீட்டின் முதுகில் போட்டு, தலையைப் பெடல்களுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டால் அரை நாள் அப்படியே கிடப்பார். யாராவது கேள்வி கேட்டால் கால் கட்டைவிரல் ஆடிப் பதில் சொல்லும். தலைகீழார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. அப்படித் தொங்கினால்தான் தனக்கு மூளை வேலை செய்கிறது என்பது அவர் கட்சி.

மனைவி மலைமேல் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். பதினோரு வருஷம் தானே கார் ஓட்டிப் போய்வந்தவர், ஆறு வாரமாக ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பழைய கார் போய் ஆட்டோமேட்டிக் கார் வந்ததுதான் வினை. பழையதை இரண்டாம் கியரில் போட்டால் இறக்கம் முழுக்க இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். புதியதோ தன்னிஷ்டத்துக்கு மேல் கியருக்குத் தாவி ஓட்டமெடுக்கும். அதைத் தடுக்க லீவரில் இடமே இல்லை. ஒரு நாள் பிரேக்கை மிதித்து மிதித்து, கடைசி வளைவில் சக்கரத்திலிருந்து புகை கிளம்பிவிட்டது. பெடல் மெத்தென்று உள்ளே போனது. மண்மேட்டில் ஏற்றித்தான் வண்டியை நிறுத்தினார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. தைரியத்துக்குத்தான் அடி பலம்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் தலைகீழார்தான் டிரைவர். கடை பத்தரைக்குத் திறந்தது, வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். மனைவியோ கீழே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்கப்போவதாகச் சொல்லத் தொடங்கினார். மலைமேல் அவர் வைத்ததுதான் சட்டம். கீழே போனால் கூட்டத்தில் ஒருத்தி. அந்த நினைப்பே தலைகீழாருக்குப் பொறுக்கவில்லை. வண்டியை விற்றுத் தொலைக்கலாம் என்றால், அதைத் தேடிப் பிடித்து வாங்கியதே தலைகீழார்தான். ஒப்புக்கொள்வாரா?

ஒரு வியாழக்கிழமை காலை மனைவியை இறக்கிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலிலேயே வேலையை ஆரம்பித்தார். கியர்பாக்ஸில் இருக்கும் இரண்டு சின்ன மின்சார வால்வுகளுக்குக் கம்ப்யூட்டர் ஒயர் வழியாக உத்தரவு போடுகிறது. இரண்டுக்கும் சேர்ந்தாற்போல் கரண்ட் போனால் இரண்டாம் கியர். அந்த உத்தரவை நாமே போட்டால் என்ன என்று, நடுவில் ஒரு ஸ்விட்சை வைத்தார். ஒயரை வெட்டியது தெரிந்தால் கம்ப்யூட்டர் மீட்டரில் விளக்கைப் போட்டுக் கூப்பாடு போடும். அதனால் வால்வுகளுக்குப் பதிலாக இரண்டு ரெசிஸ்டர்களைக் கோத்து அதன் காதில் பூ சுற்றினார். மாத்திரை வாங்க வந்தவர்கள் எல்லோரும் சீட்டில் முளைத்திருந்த கால்களைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள்.

மாலையில் மனைவி வந்தார்.

"இந்தா, மேலே தள்ளினா ரெண்டாம் கியர்லயே பிடிக்கும். கீழே தள்ளினா பழையபடி கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

"ஓட்டிப் பாத்தீங்களா?"

"டெஸ்ட் லாம்ப் எரிஞ்சுது. அது பொய் சொல்லாது."

"அப்ப நானே ஓட்டறேன். இன்னிக்கு முடியலைன்னா நாளைக்கே மாற்றல் கேட்டுடுவேன்."

வாசலிலிருந்து நூறு அடி சமதளம். இறக்கம் தொடங்கியதும் மனைவி ஸ்விட்சை மேலே தள்ளினார். உறும வேண்டிய இன்ஜின் சத்தம் அடங்கி, வண்டி அவிழ்த்துவிட்ட கன்று போல ஓடியது.

"என்னங்க, ஓடுது!"

"மேலே தள்ளினியா?"

"மேலேதாங்க இருக்கு!"

தலைகீழாரின் கால், இல்லாத பிரேக்கை மிதித்தது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததால் மூளை ஓடவில்லை. பழக்கதோஷம், தலையை முழங்கால்களுக்கு நடுவே தொங்கப்போட்டு யோசித்தார். மனைவி ஓரக்கண்ணால் அதைப் பார்த்தார்.

"இப்படித் தொங்கிக்கிட்டுதானே மாட்டினீங்க? உங்க மேலே எனக்குக் கீழேங்க!"

சொல்லிக்கொண்டே ஸ்விட்சைக் கீழே தட்டினார். இன்ஜின் உறுமியது. வண்டி சட்டென்று அடங்கியது. அதற்குப் பிறகு ஏழு வளைவுகள். பிரேக்கில் கால் வைத்தது மூன்றே தடவை. வீட்டு வாசலில் நிறுத்தியதும் மனைவி கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"நாளைக்குத் திருப்பி மாட்டிடறேன்," என்றார் தலைகீழார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"வேண்டாம், கை பழகிடுச்சு. மாற்றலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நாளையிலேர்ந்து நானே போய்க்கறேன். நீங்க நேரத்துக்குக் கடையைத் திறங்க."

இதற்காகத்தானே நாளெல்லாம் தொங்கினார்? ஆனாலும் மனசுக்குள் சுருக்கென்றது. பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் இருவரும் பேசியதைவிட இந்த ஆறு வாரத்தில் அந்தக் காருக்குள் பேசியது அதிகம். அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சாயங்காலம் மட்டும் பஸ் பிடிச்சு மேலே வந்துடட்டுமா? கூடவே இறங்கினா ஸ்விட்ச் சரியா பிடிக்குதான்னு பாக்கலாம்."

மனைவி சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஸ்விட்சுக்கு ஒண்ணும் ஆகாது. பேசிக்கிட்டு வரத்தான்னா வாங்க."