கார்த்திகேசன் கத்தினால் அது பட்டு

தெற்கு ரதவீதியில் நாங்கள் வேலை பார்க்கும் ஜவுளிக்கடைக்கு இந்த வருடம் விளம்பரமே தேவைப்படவில்லை. மாடியில் பட்டு செக்‌ஷன் கார்த்திகேசன் கத்துவார், கூட்டம் வரும். நான் கீழே வேட்டி செக்‌ஷன். வேட்டியைத் தொட்டு யாரும் கத்துவதில்லை என்பதால் எனக்கு ஒரு பேரும் இல்லை.

போன கார்த்திகை மாதம் ஷோகேஸ் கண்ணாடி உடைந்து அவருடைய வலது மணிக்கட்டைக் கிழித்தது. நரம்பு அறுந்தது, தைத்தார்கள், புண்ணும் ஆறியது. ஆறிய பிறகுதான் கூத்து. உள்ளங்கையில் துணிமூட்டையை வைத்து அழுத்தினால் சும்மா நிற்பார். பட்டு முந்தானை லேசாக உரசினால் தீ பட்டதுபோல் துள்ளுவார். கோயிலில் பட்டர் அந்தக் கையில் திருநீறு போட, இவர் போட்ட சத்தத்தில் பட்டர் தட்டைக் கீழே விட்டுவிட்டார்.

பாளையங்கோட்டை டாக்டர் ஹெப்சிபாவிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கையில் இப்போது பெரிய கோளாறு இல்லை, முதுகுத்தண்டுக்குள்தான் விவகாரம் என்றார் அந்தம்மா. தொடுகிற சேதியைக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் ஒரு அடுக்கில் போய் முடியுமாம், வலிச் சேதி வேறு அடுக்கில். வெளியே நரம்பு அறுபட்டால் சிலருக்கு உள்ளே இந்த ஏற்பாடு குலைந்து, தொட்டதெல்லாம் வலிக் கணக்கில் போய்ச் சேருமாம். தொடு இழைகள் வலி அடுக்குக்குள் புதுக் கிளை விடுகின்றன என்பார் உண்டு, வலியை அடக்கி வைக்கும் காவல் தளர்ந்துவிடுகிறது என்பாரும் உண்டு, ஆராய்ச்சிக்காரர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை என்றும் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது கார்த்திகேசன் எனக்கு அதைச் சுருக்கிச் சொன்னார்.

"எனக்கு முதுகுக்குள்ள தொடுதல்காரன் வலிக்காரன் வீட்டுல குடியேறிட்டான்வே."

மாத்திரையோடு ஒரு பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். தினமும் கையைத் துணியில் தேய்க்க வேண்டும். முதலில் சாக்கு, பிறகு துண்டு, பிறகு மெல்லிய மல் துணி, கடைசியில் பட்டு. ஆவணியில் மகள் சுப்ரஜாவுக்குக் கல்யாணம். தாரை வார்க்கும்போது அப்பா மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், மேலே தண்ணீர் விழும். அந்த நேரத்தில் அலறினால் அபசகுனம் என்று சம்பந்தி வீடு எழுந்து போய்விடும். அவருக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

இதற்கிடையில் திசையன்விளையிலிருந்து ஒரு குடும்பம் சேலை எடுக்க வந்தது. அசல் பட்டைத் தொட்டு இவர் கத்தினார், சொரசொரப்பான கலப்புச் சேலையைத் தொட்டுச் சும்மா இருந்தார். கை தரம் பார்க்கிறது என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். மறுவாரம் இரண்டு வேன் வந்தது. தன் கைக்குப் பட்டு தெரியாது, வழுவழுப்புதான் தெரியும் என்று கார்த்திகேசன் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். முப்பது வருடம் பட்டு விற்ற மனுஷனின் கண்ணை ஒருத்தரும் நம்பவில்லை, ஆறு மாத வலியை நம்பினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது.

முதலாளி பரமசிவன் அண்ணாச்சி பயிற்சியைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஆளை ஏசி அறைக்குக் கூப்பிட்டார்.

"ஆவணி முகூர்த்தம் முடியட்டும்வே. அதுவரைக்கும் வலிச்சிட்டுப் போவுது."

எனவே குடோனில் ஒளிந்து பயிற்சி நடந்தது. நான் வாசலில் காவல். ஆனியில் சாக்கைத் தாண்டினார், ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் மல்லைத் தாண்டினார். கை தேறத் தேற மாடியில் சத்தம் குறைந்தது. பட்டில் கலப்படமா என்று வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் வலிக்காத கைக்கு அவர் பொய்யாகக் கத்தினார். சம்பந்தியம்மாள் சண்முகசுந்தரி முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த அன்றும் அதே பொய்க் கத்தல்தான். சேலை மட்டும் அசல், கண்ணால் பார்த்து அவரே பொறுக்கியது.

கல்யாண மண்டபத்தில் தாரை வார்க்கும் நேரம் வந்தது. கார்த்திகேசன் மகளின் விரல்களைப் பிடித்தார். முந்தானை சரிந்து அவர் மணிக்கட்டில் விழுந்தது. செம்புத் தண்ணீர் சன்னமாக இறங்கியது. அவர் வாய் திறக்கவில்லை. எனக்கு உயிர் வந்தது.

சண்முகசுந்தரிக்கு உயிரே போனதுபோல் ஆயிற்று. பட்டு மேலே கிடக்கிறது, மனுஷன் கல் மாதிரி நிற்கிறாரே, அப்படியானால் நான் எடுத்தது என்ன சேலை என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டாள். கேள்வி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. மாப்பிள்ளையின் சித்தப்பா எழுந்து, தாரையை நிறுத்தச் சொன்னார். முதல் வரிசையில் பரமசிவன் அண்ணாச்சி வேர்த்துப்போய், கத்தும்படி சைகை காட்டினார். மண்டபமே கார்த்திகேசனின் கையைப் பார்த்தது.

சுப்ரஜா மட்டும் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்காப்பா?"

"இல்லட்டி. உன் கை மட்டுந்தான் தெரியுது."

சொல்லிவிட்டு அண்ணாந்து ஒரு கத்து கத்தினார். கடையில் கேட்ட எந்தக் கத்தலும் அதற்குப் பக்கத்தில் வராது. மேளக்காரர்கள் பயந்து கெட்டிமேளம் தட்டிவிட்டார்கள். சண்முகசுந்தரி முகம் மலர்ந்து, அசல் பட்டுதான் என்று எல்லோருக்கும் சொன்னாள். அவர் கண்ணில் வழிந்த தண்ணீரைக் காட்டி, எவ்வளவு வலி பாருங்கள் என்றாள். அவர் துடைத்துக்கொள்ளவில்லை, மகளின் கையை விட்டால்தானே துடைக்க முடியும்.