செல்வமாரி வரைந்த அரை மில்லிமீட்டர்

இடைசெவலிலிருந்து எட்டேகால் பஸ்ஸைப் பிடித்து, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அச்சகத்துக்கு ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுவாள் செல்வமாரி. பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் அதே நாற்காலி. காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி விழா என்று எது வந்தாலும், வந்தவர் கேட்பது ஒன்றுதான்: "என் படத்தை இன்னுங் கொஞ்சம் பெருசாக்கு பிள்ள." அவளும் பெரிதாக்கிப் பெரிதாக்கி, அந்த வட்டாரத்துப் பெரிய மனுஷர்கள் அத்தனை பேரின் முகப்பருவும் அவளுக்கு அத்துப்படி.

கடலைமிட்டாய் கம்பெனி ராஜமணி அண்ணாச்சி புதுமாதிரி வேலையோடு வந்தார். மதுரையில் ஒரு கல்யாணத்தில் யாரோ ஏர்கன் சுடுவதைப் பற்றிப் பெருமையடித்ததைக் கேட்டுவிட்டு, மறுவாரமே தானும் ஒன்று வாங்கியிருந்தார். குடோனைக் காலி பண்ணி, 'கரிசல் துப்பாக்கி சுடும் கழகம்' என்று பெயரும் வைத்தாயிற்று. தலைவர், செயலாளர், சிறந்த வீரர் மூன்றும் அவரே.

"டார்கெட் அட்டை அடிக்கணும் பிள்ள. வட்டம் வட்டமா இருக்குமே, ஒலிம்பிக்ஸ்ல உள்ள மாதிரியே."

செல்வமாரிக்குச் சந்தோஷம். யாருடைய மீசையையும் கறுப்பாக்கச் சொல்லாத வேலை! இணையத்தில் தேடி அளவுகளைக் குறித்துக்கொண்டாள். மொத்தம் பத்து வட்டம். வெளிவட்டம் நாற்பத்தைந்தரை மில்லிமீட்டர். நட்டநடுவே பத்து மதிப்பெண்ணுக்கு உரியது வெறும் அரை மில்லிமீட்டர், பேனா தொட்ட பொட்டு. கோரல் டிரா சாஃப்ட்வேரில் எல்லாவற்றையும் ஒரே மையத்தில் நிறுத்தி அச்சடித்து, ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஒன்றரை மில்லி குறைந்தது. தாளுக்குத் தக்கபடி பிரின்டர் தானாகச் சுருக்கியிருந்தது. செட்டிங்கில் அதற்கு இருந்த டிக்கை எடுத்துவிட்டு மறுபடி அடித்தாள். மயிரிழை பிசகவில்லை.

இரண்டே நாளில் அண்ணாச்சி திரும்பி வந்தார்.

"என்ன பிள்ள, கடுகு மாதிரி போட்டு வச்சிருக்க?"

"அளவே அதான் அண்ணாச்சி. ஒலிம்பிக்ஸ்லயும் அதான்."

"அது அவன் ஊர்ல. நம்ம ஊரு வெயிலுக்குப் பெருசா வேணும்லா."

குடோனுக்குள் வெயில் எங்கே வந்தது என்று கேட்க நினைத்து அடக்கிக்கொண்டாள். கடுகு பட்டாணி ஆயிற்று. அடுத்த வாரம் எலுமிச்சை. கடைசியில் டீ டம்ளர் வாயகலம். ஒவ்வொரு தடவையும் குற்றம் கம்ப்யூட்டருடையது. திறப்பு விழாவுக்கு அட்டையின் வலது மேல்மூலையில் தன் படத்தையும் போடச் சொன்னார்.

"சுடுத அட்டையில படம் எதுக்கு அண்ணாச்சி?"

"தலைவர் படம் இல்லாம கழகமா? சொன்னதைச் செய்யி."

செய்தாள்.

விழாவன்று அட்டை ஒட்ட அவளும் போயிருந்தாள். தேங்காய் உடைத்து, மாலை போட்டு முடிந்ததும், அண்ணாச்சி குடோன் இருட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கினார். முதல் குண்டு சுவருக்கு. இரண்டாவது எங்கே போனதென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மூன்றாவது, படத்தில் சிரித்துக்கொண்டிருந்த அவருடைய மூக்கில் மூன்றாவதாக ஒரு துவாரம் போட்டது.

அண்ணாச்சியின் பங்காளி முத்துசெல்வம் எழுந்து நின்று கைதட்டினார். "அண்ணே, குறின்னா இதுல்லா குறி!"

குடோனே சிரித்தது. செல்வமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி அச்சகத்தில் நின்றார். படத்தை அங்கே வைத்ததற்காக அவளைத் திட்டித் தீர்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"என் படத்தை எடுத்துட்டு முத்துசெல்வம் படத்தைப் போடு. குண்டு அங்கனதான போகுது."

செல்வமாரி மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "மனுச மொகத்தைச் சுடுததுக்கு அடிச்சுத் தர மாட்டேன் அண்ணாச்சி. வட்டம் கேளுங்க, எத்தனை வேணும்னாலும் தாரேன்."

"அப்போ என் கம்பெனி லேபிளும் இனி இங்கன வராது."

"வராட்டா போகுது."

அச்சக முதலாளி வேல்ராஜ் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை.

எதிர்க்கடை அச்சகக்காரர் முத்துசெல்வம் படம் போட்ட அட்டை, கம்பெனி லேபிள் இரண்டையும் அடித்துக் கொடுத்தார். விஷயம் முத்துசெல்வம் காதுக்குப் போனது. அவர் போலீஸ் ஸ்டேஷனில் மனு எழுதிக் கொடுத்தார். அண்ணாச்சி அவசர அவசரமாக அத்தனை அட்டையையும் பாகு காய்ச்சுகிற அடுப்பில் போட்டார். கழகத்தின் பெயர்ப்பலகை இறங்கியது, குடோனில் வெல்ல மூட்டை ஏறியது.

எதிர்க்கடை லேபிளில் 'கடலைமிட்டாய்' என்பது 'கடைமிட்டாய்' ஆகியிருந்ததை, ஐயாயிரம் பாக்கெட்டில் ஒட்டி முடித்த பிறகுதான் பார்த்தார்கள். அண்ணாச்சி நேரில் வரவில்லை, அந்த லேபிளைக் கொடுத்து செல்வமாரியிடம் ஆளனுப்பினார். அவள் விட்டுப்போன 'ல'வைச் சேர்த்து, அச்சுக்கு அனுப்பிவிட்டு, டீ குடிக்கப் போனாள்.