நரிக்கரட்டுப் பட்டை

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்று ஒரு பழமொழி உண்டு. சொன்ன புண்ணியவான் வைத்தியனாக இருக்க வேண்டும். ஆவாரம் பட்டை உரிக்க அனுமதி கேட்டு ஒரு தடவையாவது சர்க்கார் ஆபீஸ் படி ஏறியிருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.

என் பெயர் கோதண்டபாணி. தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். இருபத்தெட்டு வருஷமாக அதே வேப்பமரம், அதே சாய்வுப் பெட்டி. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பார்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைத் தினமும் பார்த்தால் யாருக்கும் வாய் நீளும். சவுரியம்மாளைப் பற்றிச் சொல்ல வந்தால் அந்த எரிச்சல்தான் முதலில் வந்து நிற்கிறது. அதில் பாதி என் மேலேயே எனக்கு இருக்கிற எரிச்சல்.

பள்ளிகொண்டாவுக்குத் தெற்கே நரிக்கரடு என்று ஒரு சின்ன மலை. அதன் அடிவாரத்துச் சேரியில் இருந்தாள். புருஷன் ரத்தினசாமி கோலார் தங்கவயலுக்குப் போனவன், போனவன் போனவன்தான். அவளுக்கு மிஞ்சியது ஓர் அரிவாள், கொட்டாப்புளி என்கிற ஒரு மரச்சுத்தி, கரட்டில் வளர்ந்த ஆவாரம். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொட்டிகளுக்கு அந்தப் பட்டை இல்லாமல் வேலை ஓடாது. தோலைப் பதப்படுத்தும் துவர்ப்பு அதில்தான் இருக்கிறது.

பட்டை உரிப்பவர்கள் ஊரில் பலர். அவசரமென்றால் செடியை வேரோடு பிடுங்கி உரிப்பார்கள். இவள் முழங்கால் உயரம் விட்டுச் சாய்வாக வெட்டுவாள். இரண்டு மழை பார்க்காத கிளையைத் தொடமாட்டாள். இந்த வருஷம் ஒரு சரிவு, அடுத்த வருஷம் பக்கத்துச் சரிவு. அதற்குள் வெட்டிய கட்டை துளிர்த்து ஆள் உயரம் வந்துவிடும். கிளையைக் கொட்டாப்புளியால் தட்டி ஒரே இழுப்பில் நாடா போல உரிப்பாள். மழை விட்டுச் சாறு ஏறியிருக்கும் ஆறு வாரத்துக்குத்தான் பட்டை அப்படி வரும். பிறகு கட்டையோடு ஒட்டிக்கொள்ளும், கல்லில் நார் உரிக்கிற கதைதான்.

"சவுரி பட்டைன்னா தோலு கலரே தனி, ரைட்டர். கம்மியா போட்டாலே போதும்" என்று ஆம்பூர் ஜியாவுல்லா சாயபு என்னிடமே சொல்லியிருக்கிறார். அவருடைய தொட்டிகளுக்குத்தான் அவள் பட்டை போகும்.

வருஷத்துக்கு ஒரு தரம் காட்டிலாகா ரேஞ்சர் ஆபீசில் பட்டை உரிக்க அவள் ஓர் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்வாள், அதோடு சரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷம் மேலிடத்தில் யாருக்கோ ஞானம் பிறந்தது. ஊரை ஒட்டிய சின்னக் கரடுகளைக் காட்டிலாகாவிடமிருந்து எடுத்து ரெவின்யூவிடம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. காட்டிலாகா கொடுத்துவிட்டேன் என்றது. ரெவின்யூ இன்னும் வந்து சேரவில்லை என்றது. கரடு என்னவோ இருந்த இடத்திலேயே இருந்தது.

சீட்டுக் கேட்டுப் போனவளிடம் ரேஞ்சர் ஆபீசில், "இனிமே அது எங்களுது இல்ல" என்றார்கள். ரெவின்யூவுக்கு ஊரில் ஆளாக இருந்த மணியக்காரர், "எனக்கு இன்னும் காயிதம் வர்ல" என்றார். சரியென்று அவள் பேசாமல் கரட்டில் ஏறி நான்கு செடி வெட்டினாள். கொடுக்கத்தான் ஆளில்லையே தவிர, பிடிக்க இரண்டு பேர் வந்தார்கள். பாரஸ்ட் கார்டு அரிவாளைப் பறித்தான். மணியக்காரரின் தலையாரி கொட்டாப்புளியைப் பறித்தான். மத்தளத்துக்கும் இரண்டு பக்கம் இடிதான், ஆனால் அடித்தால் சத்தமாவது வரும், இவளுக்கு அதுவும் வரவில்லை.

அதற்கு மறுநாள்தான் என்னிடம் வந்தாள். மழை விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது.

"ரைட்டரய்யா, கரடு யாருதுன்னா இருந்துட்டுப் போவட்டும். பட்டை உரிக்க யாருன்னா ஒருத்தர் சரின்னு சொல்லணும். அவ்ளோதான். சீக்கிரம் எழுதுங்க, சாறு இறங்கிடும்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்தக் கோபத்திலேயே காட்டிலாகாவுக்கு இரண்டு பக்கம் எழுதினேன். முடித்து உரக்கப் படித்தும் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தாள். உதடு மட்டும் எதையோ சொல்லிப் பார்த்தது. என் நடையில் மயங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கைநாட்டு வைத்தாள்.

மூன்று வாரம் கழித்துக் காட்டிலாகாவிலிருந்து பதில் வந்தது. 'பட்டா வழங்கும் அதிகாரம் இந்த இலாகாவுக்கு இல்லை. தாசில்தாரை அணுகவும்.' எவன் இவர்களிடம் பட்டா கேட்டது என்று குதித்தேன். அப்புறம் என் நகலை எடுத்துப் பார்த்தேன். 'நரிக்கரட்டு ஆவாரம் பட்டை' என்று இருக்க வேண்டிய இடத்தில், 'நரிக்கரட்டுச் சரிவின் பட்டா' என்று என் கையெழுத்தில், முத்து முத்தாக, மூன்று இடத்தில் இருந்தது. என்னிடம் வருகிற பத்து மனுவில் ஒன்பது பட்டா மனு. கை பழகிவிட்டது. கை எழுதியதை வாயும் அப்படியே படித்திருக்கிறது.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வெட்கக்கேடு, சொல்லவில்லை. "அந்தக் கழுதைங்களுக்குப் படிக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டேன். பட்டை என்று திருத்தி இன்னொரு மனு எழுதித் தாசில்தாருக்குக் கொடுத்தேன். ஆனால் பழைய மனு அதற்குள் பட்டா என்று நம்பர் போட்டுக் காட்டிலாகாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. குமாஸ்தா அதன் முதுகில் புதியதைக் கட்டி, 'அதே விஷயம்' என்று சிவப்பு மையில் எழுதிவைத்தான். தப்பு என்று நான் போய்ச் சொன்னதற்கு, "அப்போ முதல்ல தப்பா எழுதுனது யாருய்யா?" என்று கேட்டான். வேப்பமரத்தடிக்குத் திரும்பி வந்தேன்.

பிறகு இரண்டு வருஷம் அந்தக் கட்டு அலைந்தது. தாலுகா ஆபீஸ் காட்டிலாகாவின் சம்மதம் கேட்டது. காட்டிலாகா சர்வே நம்பர் கேட்டது. சர்வேக்காரன் எல்லைக்கல் எங்கே என்று இருவரையும் கேட்டான். ரெவின்யூ கையில் போனால் ஆடு மேய்ந்து கரடு மொட்டையாகிவிடும் என்றார் ரேஞ்சர். பாரஸ்ட்டுக்காரன் கண்ணுக்கு ஊர்ச் சனமெல்லாம் திருடர்கள் என்றார் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான், அதுதான் வயிற்றெரிச்சல். அந்தச் சரிவில் ஆவாரம் நிற்பது யார் கைப்பழக்கத்தால் என்று மட்டும் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இரண்டு தடவை சாறு ஏறி, இரண்டு தடவை இறங்கிப் போயிற்று. சவுரியம்மாள் விரிஞ்சிபுரம் ரோட்டில் ஜல்லி உடைத்தாள். மாதத்துக்கு ஒரு தரம் வந்து, "காயிதம் வந்துச்சாய்யா?" என்று கேட்பாள். இல்லை என்பேன். திரும்பிப் போவாள்.

மூன்றாம் வருஷம் உத்தரவு வந்தது. நரிக்கரட்டுச் சரிவில் ஓர் ஏக்கர் நாற்பது சென்ட், சவுரியம்மாள் பேரில் பட்டா. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது. நிபந்தனை கீழே இருந்தது: ஒரு வருஷத்துக்குள் புதரை வேரோடு நீக்கிப் பயிர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டா ரத்து. நீக்கிய புதரிலிருந்து பட்டையோ விறகோ வெளியே கொண்டுபோகக் காட்டிலாகாவின் சீட்டு வேண்டும்.

அதை அவளுக்குச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானே அவளைத் தேடிக் கரட்டுக்குப் போனேன். ஆவாரம் ஆள் உயரம் நின்று மஞ்சளாகப் பூத்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன்.

"இதெல்லாம் என்னுதா?" என்று கேட்டாள்.

"உன்னுதுதான். ஆனா செடியைப் பிடுங்கணும்."

"வேரோடயா?"

"வேரோட."

அவள் ஒரு கட்டையின் பழைய சாய்வு வெட்டைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "சவுரி, தப்பு என்னுது. பட்டைன்னு எழுத வேண்டியதைப் பட்டான்னு எழுதிட்டேன். மூணு வருஷமா உங்கிட்ட மறைச்சேன்" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"தெரியுங்கய்யா. அன்னிக்கு நீங்க படிக்கச்சவே காதுல வுழுந்துச்சு. நம்ம பட்டைய சர்க்கார் பாஷையில பட்டான்னு சொல்வாங்க போலன்னு நெனச்சேன். நீங்க படிச்சவங்க. நான் இன்னாத்த கேக்கறது?"

அந்த வருஷம் அவள் ஒரு செடியையும் பிடுங்கவில்லை, சீட்டு இல்லாததால் பட்டையும் உரிக்கவில்லை. 'நிபந்தனை நிறைவேற்றப்படவில்லை' என்று பட்டா ரத்தாயிற்று. சரிவு வேறொருவன் பேருக்குப் போனது. அவன் ஒரே வாரத்தில் வேரோடு கெல்லிப் போட்டான். ரத்துக் காகிதத்தை அவள் என்னிடம் எடுத்து வந்தாள். ஒரு தரம் படித்தேன். "இன்னொரு தபா படிங்க" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று தடவை படித்தேன், அந்தக் காகிதத்தில் ஒரு பிழையும் இல்லை.