என் சாவிக்குக் கிளம்பிய வண்டி

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடிக்கும் சிரமம் வேண்டாம். அதிலும் சந்தேகப்படவே தெரியாத மடையன். ஒரு விஷயம் எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ, அவ்வளவு சத்தமாகச் சொல்வேன். உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் செங்கல்பட்டு பஸ்ஸைக் காஞ்சிபுரம் பஸ் என்று அடித்துச் சொல்லி ஒரு குடும்பத்தையே ஏற்றிவிட்டு, நானும் அதிலேயே ஏறிப் போனவன்.

அன்றைக்கு வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்கு வீட்டுச் செலவு நெல்லை அரைக்கக் கொண்டு போயிருந்தேன். வேலை முடிய நேரமாகும் என்றார்கள். மூட்டைமேல் சாய்ந்து ஒரு தூக்கம் போட்டுவிட்டு வெளியே வருகிறேன், என் மொபெட்டை ஒருவன் உதைத்துக் கிளப்பிக்கொண்டிருக்கிறான்.

என் வண்டிதான். சீட்டுக்கு யூரியா பை உறை, முன்னால் சைக்கிள் டியூபால் கட்டிய கோணி, பாதி உடைந்த மட்கார்டு. வேட்டியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லை. ஓடினேன். இந்தத் தொப்பையோடு நான் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. ரயில்வே கேட் மூடியிருந்ததால் ஆள் அகப்பட்டான். பின்னாலிருந்து கோணியைப் பிடித்து இழுத்தேன்.

"யோவ், எறங்குய்யா கீழ. யார் வண்டிய எவன் ஓட்டிக்கினு போறது?"

ஐம்பது வயது இருக்கும். மில்லில் மூட்டை தூக்குகிறவர் என்பது தோளில் கிடந்த துண்டையும் தலையிலிருந்த தவிட்டையும் பார்த்தாலே தெரிந்தது. வெள்ளை வேட்டி கட்டியவராக இருந்தால், "அண்ணே, வண்டி மாறிப்போச்சு போல" என்றுதான் நான் ஆரம்பித்திருப்பேன். இது அப்போது தோன்றவில்லை. அப்போது தோன்றியதெல்லாம் திருடன் என்ற ஒரே சொல்.

"இது என் வண்டி சார்," என்றார்.

கேட்டில் நின்றவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். கூட்டம் என்றால் எனக்குத் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். "திருடன், திருடன்," என்று கத்தினேன். அவர் சாவியைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டேன். இடுப்பு மடிப்பிலிருந்து என் சாவியை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். வண்டியில் போட்டேன். திருப்பினேன். ஒரே உதை, கிளம்பிவிட்டது. ஜனம் "ஓ" என்றது. என் உடம்பெல்லாம் புல்லரித்தது. வாழ்க்கையில் முதன்முறையாக நான் சொன்னது நிரூபணமாகியிருக்கிறது.

"நம்பர் பாரு சார்," என்றார் அவர்.

என் வண்டி நம்பர் எனக்கு இன்றுவரை மனப்பாடம் கிடையாது. அதை வெளியில் சொல்ல முடியுமா? "நம்பர் மாத்தறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?" என்றேன். ஜனம் அதற்கும் தலையாட்டியது. எதைக் காட்டினாலும் அது எனக்குத்தான் சாட்சியாக மாறிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு மில் மேஸ்திரி வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், நான் பிடித்து வைத்திருந்தவரைப் பார்த்தார். "பைசல் ஆவுற வரிக்கும் மில்லு பக்கம் வராத. பேஜார் வேணாம்." அவ்வளவுதான். ஒரு மனுஷனின் பிழைப்பு அரை நிமிஷத்தில் முடிந்தது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டத்தில் டீ கிளாஸோடு ஒரு வக்கீல் குமாஸ்தா நின்றிருந்தார். "இவ்ளோ உறுதியா சொல்றியே. இதுக்கு இங்கிலீஷ்ல கன்விக்ஷன்னு பேரு," என்றார் என்னிடம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "கோர்ட்டுல ஒருத்தன குத்தவாளின்னு தீர்ப்பு சொல்றதுக்கும் அதே பேருதான். இன்னா, அங்க ரெண்டுக்கும் நடுவுல விசாரணைன்னு ஒண்ணு வெச்சிக்கிறாங்க."

"விசாரணைதான? இதோ," என்று மனைவிக்குப் போன் போட்டேன். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் நானே போட்டேன்.

"ஆர்சி புக்க எட்த்துக்கினு ஒடனே வா. நம்ம வண்டிய திருடினவன புட்ச்சி வெச்சிக்கினு கீறேன்."

"எந்த வண்டிய?"

"நம்ம வண்டிதான், வேற எந்த வண்டி? என் சாவி போட்டு ஸ்டார்ட் ஆச்சு."

"நம்ம வண்டி வூட்டாண்டதான கீது. அது மேல கோழி ஏறி ஒக்காந்துகினு கீது. காலைல ஸ்டார்ட் ஆவலன்னு ஒதச்சிட்டு, டிராக்டர்லதான நெல்லு ஏத்திக்கினு போன?"

கேட் திறந்தது. கோழி என்ற வார்த்தையிலேயே ஜனம் சிரிக்க ஆரம்பித்திருந்தது. ஆமாம், டிராக்டரில்தான் வந்தேன். சாவி மட்டும் பழக்கதோஷத்தில் இடுப்பில் ஏறிக்கொண்டது. பாதி மொபெட்டுகளுக்கு யூரியா பை உறையும் கோணியும்தான், பத்து வருஷம் தேய்ந்ததற்கு எந்தச் சாவி போட்டாலும் கிளம்பும் என்பது எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவர்களுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அந்தக் கால் மணி நேரம் மட்டும் தெரியவில்லை.

திருடன் என்று நான் கத்தியபோது ஐம்பது பேர் இருந்தார்கள். இல்லை என்று கத்தத் திரும்பினால் குமாஸ்தாவும் இன்னும் நாலு பேரும்தான். மற்றவர்கள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள், பாதிக் கதையோடு. வண்டியிலிருந்து என் சாவியையும் உருவிச் சட்டைப் பையில் போட்டேன். வண்டிக்காரரை வண்டியோடு இழுத்துக்கொண்டு மில்லுக்கு ஓடினேன். வாசலில், எடை மேடையில், டீக்கடையில் நின்று, "திருடனும் இவரு இல்ல, வண்டியும் என்து இல்ல, நான்தான் மடையன்," என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். மேஸ்திரி காதைப் பொத்திக்கொண்டு, "சரி, சரி, அந்த ஆள் வந்து லோடு ஏத்தட்டும். நீ மொதல்ல கெளம்பு," என்றார்.

வண்டிக்காரர் லோடு லாரியின் நிழலில் நின்றிருந்தார். அருகில் போனேன். யோவ் இப்போது அண்ணே ஆகியிருந்தது.

"அண்ணே, மனசுல வெச்சிக்காத. இனிமே ஜென்மத்துக்கும் எதையும் நிச்சயமா சொல்ல மாட்டேன். இது நிச்சயம்."

அவர் கையை நீட்டினார். என் சட்டைப் பையில் இருந்த இரண்டு சாவிகளில் ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் பணிவாகக் கொடுத்தேன். "இந்தாண்ணே, உன் சாவி."

அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை, விரலால் ஒரு தடவு தடவினார்.

"இது உன்து."