அமெரிக்க எருக்கு

அமெரிக்காவில் என் மகள் வீட்டுத் தோட்டத்தில் ஒரு செடி வளர்க்கிறாள். மோனார்க் என்ற ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி அந்த இனச் செடிகளில்தான் முட்டையிடும். புழு வேறெதையும் தின்னாது. சாலையோரமும் வயலும் களைக்கொல்லி அடித்துச் சுத்தமாகிவிட்டதால் அந்தப் பூச்சிக்கு அங்கே இடமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறதாம். அங்கே போயிருந்தபோது இலையைக் கிள்ளினேன், பால் வடிந்தது. நம் எருக்குக்குப் பங்காளி. கல்லூரியில் விலங்கியல் நடத்தியவனாயினும் இதைச் சம்பந்தியிடம் சொல்லவில்லை. எருக்கு முளைத்த வீடு பாழ் என்று நம்புகிறவர்கள்.

விருத்தாசலம் திரும்பியதும் எங்கள் நகர் நலச்சங்கத்தில் நான் மோனார்க் பற்றிப் பேச ஏற்பாடானது. சங்கத் தலைவர் நானே. இடம், என் வீட்டையடுத்த காலி மனை. பீங்கான் ஆலை கொட்டிய உடைந்த கப்புகளின் மேடு, அதன்மேல் ஆளுயர எருக்கு. பக்கத்து வீட்டம்மா அதில் பூப் பறித்துப் பிள்ளையார் கோயில் வாசலில் மாலை விற்பவர்.

"அய்யா, சதுர்த்தி முடியட்டுங்க. அப்புறம் வெட்டிக்கிங்க."

"வண்ணத்துப்பூச்சியக் காப்பாத்துற கூட்டம்மா. பொதருக்குள்ள சேர் போட முடியுமா?"

ஜேசிபி வருமுன் போய்ப் பார்த்தேன். இலைகளில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரியோடு புழுக்கள். மோனார்க்குக்கு நெருங்கிய உறவான வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள். பார்த்ததுமே தெரிந்தது. நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் பேனரில் என் படம் நன்றாக வந்திருந்தது.

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "சார், அந்த மாதிரி பூச்சி நம்மூர்ல இருக்குதுங்களா?"

"இல்லை" என்றேன். கைதட்டி, சால்வை போர்த்தினார்கள்.

சதுர்த்தியன்று அந்த அம்மா அருகம்புல்லை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலை இல்லையா என்று வேறு கேட்டுவைத்தேன்.

"அமெரிக்காவுலேர்ந்து பூ வரட்டுங்க, கட்டித் தரேன்."

மறுநாள் ஆற்றங்கரையிலிருந்து ஒரு கன்றைப் பெயர்த்து வந்து வாசலில் நட்டேன். மனைவி பதறினாள்.

"வூட்டு வாசல்ல எருக்கா? புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?"

"எருக்கு இல்ல. நம்ம பொண்ணு அமெரிக்காவுல வளக்குறா பாரு, அது."

உடனே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இது எருக்குதானுங்களே அய்யா?"

"மெல்லப் பேசுங்கம்மா. பூத்ததும் நீங்களே பறிச்சுக்கங்க."

"பூக்குற வரைக்கும் நான் என்னாத்தக் கட்டறது?"

இன்றுவரை கன்று முழங்கால் உயரம்தான் வந்திருக்கிறது.