நிலக்கரி அடுப்பில் சாய்த்த இசைத்தட்டு

எழுபத்தொன்பதில் பேர்லினுக்கு வந்த புதிதில் நேசன் அண்ணையின் அறையில் தங்கியிருந்தேன். அவருடைய மனைவி ஹெல்கா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அலுமாரி நிறைய ஜாஸ் இசைத்தட்டுகள் வைத்திருந்தார். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான்.

ஒரு தட்டை மட்டும் அடிக்கடி போடுவார். ஏதோ நிலவறை மதுக்கடையில் ஆட்கள் முன்னால் வாசித்ததைப் பதிந்தது.

“பியானோ சுதி இல்லை. ட்ரம்பெட்காரனுக்கு மூச்சுக் காணாது. படு மோசமான தட்டு, தம்பி.”

“பிறகேன் அண்ணை இதையே போடுறியள்?”

சிரித்துக்கொண்டே ஊசியை வைப்பார்.

ஒருநாள் தரை கழுவும்போது அதன் உறையில் தண்ணீர் பட்டுவிட்டது. அவர் வருவதற்குள் காயட்டும் என்று தட்டோடு சேர்த்து, அறையைச் சூடாக்கும் நிலக்கரி அடுப்பில் சாய்த்து வைத்தேன். எடுத்தபோது தட்டு அப்பளம் போல நெளிந்திருந்தது.

வேலையால் வந்தவர் ஏசவில்லை. தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தார். அது துள்ளித் துள்ளி விழுந்தது. மூன்று தரம் வைத்துப் பார்த்தார்.

“இரண்டாவது பாட்டு முடிய, கைதட்டலுக்குள்ளை ஒரு பொம்பிளை சிரிப்பாள். அது ஹெல்கா. இது பதிஞ்ச அண்டைக்கு நாங்கள் முன் மேசையிலை இருந்தனாங்கள். கொஞ்சத் தட்டுத்தான் அடிச்சவங்கள், இனிக் கிடையாது.”

பிறகு என்னைப் பார்த்தார்.

“நீயும் கேட்டனீதானே?”

“ஓம் அண்ணை. நல்ல சிரிப்பு.”

அவர் தலையாட்டினார். நான் அந்தச் சிரிப்பை ஒருநாளும் கவனித்ததில்லை.

அண்ணையும் இப்போது இல்லை. எங்கே கைதட்டல் கேட்டாலும், அதற்குள் யாராவது சிரிக்கிறார்களா என்று காது கொடுத்துக் கேட்கிறேன்.